லேப்பை எத்தனை மணிக்குப் பூட்டுறாங்க?

ஒரு இன்ஜினியரிங் கல்லூரியோட லேப் எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்க எல்லாரும் கேக்கிற முதல் கேள்வி, "எத்தனை சிஸ்டம் இருக்கு?" அட்மிஷன் அன்னைக்கு அப்பா கேக்கிறார். இன்ஸ்பெக்‌ஷன் குழு வந்தா அதையே எண்ணிப் பாக்குது. பிரௌச்சர்லயும் அந்த எண்ணைத்தான் கொட்டை எழுத்துல போடுறாங்க.

நான் கேக்க நினைக்கிற கேள்வி வேற. அந்த லேப்பை எத்தனை மணிக்குத் திறக்கிறாங்க, எத்தனை மணிக்குப் பூட்டுறாங்க? டைம்டேபிள்ல இல்லாத ஒரு நேரத்துல, ஒரு மாணவரோ மாணவியோ உள்ளே போய் உட்கார முடியுமா? நம்ம படிப்போட தரத்தை முடிவு பண்றது இந்தக் கேள்விதான்னு நான் நினைக்கிறேன். புது மெஷின் வேணும்னு கேக்கிறதுக்கு முன்னாடி, இருக்கிற மெஷினுக்குச் சாவி வேணும்னு கேக்கணும்.

50 மணி நேரக் கணக்கு

முதல் செமஸ்டர்ல நாம எல்லாரும் முடிச்ச பைத்தான் லேப்பை எடுத்துக்குவோம். அண்ணா பல்கலைக்கழகத்தோட 2021 ரெகுலேஷன்படி வாரத்துக்கு 4 பீரியட், செமஸ்டர் முழுசுக்கும் 60 பீரியட். ஒரு பீரியட் 50 நிமிஷம்னா மொத்தம் 50 மணி நேரம். இதுல அட்டெண்டன்ஸ் எடுக்கிற நேரம், சிஸ்டம் பூட் ஆகிற நேரம், அப்சர்வேஷன் நோட்டுல கையெழுத்து வாங்க வரிசைல நிக்கிற நேரம், மாடல் எக்ஸாம் எல்லாத்தையும் கழிங்க. மீனி நிக்கிறதுதான் நீங்க நிஜமாவே கீபோர்டு தொட்ட நேரம். மீஞ்சூர்ல ஒரு மெக்கானிக் ஷெட்ல வேலைக்குச் சேர்ற பையன் ஒரே வாரத்துல இந்தக் கணக்கைத் தாண்டிடுவான்.

ஹார்டுவேர் லேப்ல நிலைமை இன்னும் மோசம். பாடத்திட்டத்துல கருவிப் பட்டியலை 30 மாணவர் கொண்ட ஒரு பேட்ச்சுக்குன்னு கணக்கு வெச்சுத்தான் போட்டிருக்காங்க. நடைமுறைல ஒரு கிட்டுக்கு மூணு பேர், நாலு பேர். ஒருத்தர் வயர் மாட்டுவார், ஒருத்தர் ரீடிங் எழுதுவார், மத்த ரெண்டு பேர் அதைப் பாத்து எழுதுவாங்க. அடுத்த வாரமும் வயர் மாட்டுறது அதே ஆள்தான், ஏன்னா அவருக்குத்தான் சீக்கிரம் வரும். நாலு வருஷ முடிவுல அந்த ஒருத்தருக்கு சி.ஆர்.ஓ. கைவந்திருக்கும். மத்த மூணு பேர்கிட்ட அழகான ரெக்கார்டு நோட்டு இருக்கும்.

இதுல யார் தப்பிக்கிறாங்க? வீட்ல நல்ல லேப்டாப்பும் நெட்டும் இருக்கிறவங்க. நாலரை மணிக்கு லேப்பைப் பூட்டினாலும் அவங்க ராத்திரி பதினொரு மணி வரைக்கும் வீட்ல உட்கார்ந்து கோட் பண்ணலாம். பிளேஸ்மென்ட்ல "அவன் பிரில்லியன்ட்டா" அப்படின்னு நாம ஆச்சரியப்படுற பல பேர்கிட்ட கூடுதலா இருந்தது ஒரு மெஷினும், அது பக்கத்துல உட்கார நேரமும்தான். காட்டுப்பள்ளி, பழவேற்காடு, அத்திப்பட்டு பக்கம் குப்பங்கள்ல இருந்து வந்து, குடும்பத்துலயே முதல் ஆளா டிகிரி படிக்கிறவங்களுக்கு, கல்லூரி லேப்தான் ஒரே லேப். அதைப் பூட்டுற நேரம்தான் அவங்க படிப்பு நிக்கிற நேரம்.

லேப்டாப் வந்தாச்சே, இன்னும் என்ன?

நியாயமான கேள்வி. தமிழ்நாட்டுல இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கி வெச்சதே நம்ம திருவள்ளூர் மாவட்டத்துல, காக்களூர்லதான்; 2011 செப்டம்பர் 15. இப்போ 2025-26 பட்ஜெட்ல, ரெண்டு வருஷத்துல 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட்னு அறிவிச்சாங்க. நல்ல விஷயம். மேல சொன்ன ஏற்றத்தாழ்வை இது ஓரளவு சரி பண்ணும்.

ஆனா லேப்டாப்பால தீர்றது கோடிங் லேப்போட பிரச்சனை மட்டும்தான். ஆசிலாஸ்கோப்பை வீட்டுக்கு யாரும் இலவசமாத் தரப் போறதில்ல. லேத், வெல்டிங் செட், பவர் சப்ளை, ஃபங்க்‌ஷன் ஜெனரேட்டர் எல்லாம் கல்லூரில மட்டும்தான் இருக்கு. "சிமுலேஷன்ல பண்ணிக்கலாமே, விர்ச்சுவல் லேப் இருக்கே"ன்னு சொல்றாங்க. சிமுலேஷனை நான் குறைச்சுச் சொல்ல மாட்டேன். 1973-ல பெர்க்லில ஸ்பைஸ் வந்ததுல இருந்து, சிமுலேட் பண்ணாம யாரும் சிப் செய்யறதில்ல. ஆனா அந்த இன்ஜினியர்கள் சிமுலேட் பண்ணிட்டு, செஞ்சு, அளந்தும் பாக்கிறாங்க. நாம முதல் பாதியோட நிறுத்திடறோம். சிமுலேஷன்ல லூஸ் கான்டாக்ட் வராது. பிரெட்போர்டு ஓட்டை தளர்ந்து போகாது. உப்புக் காத்துல டெர்மினல் பச்சை பூக்காது. காட்டுப்பள்ளி பக்கம் வேலை செய்யப் போற இன்ஜினியருக்கு மூணாவது ஐட்டம் தினசரிப் பிரச்சனை.

24 மணி நேர சென்சார், ரெண்டு மணி நேர லேப்

எல்லா கல்லூரியிலும், எல்லா பேட்ச்லயும், யாராவது ஒரு டீம் கட்டாயம் பண்ற புராஜெக்ட் ஒண்ணு இருக்கு: ஐ.ஓ.டி. வெச்சு காத்து மாசு அளக்கிறது. ஒரு ஆர்டுயினோ ஊனோ, ஒரு எம்.க்யூ.135 கேஸ் சென்சார், ஒரு எல்.சி.டி. ரிச்சி ஸ்ட்ரீட்ல சில நூறு ரூபாய்ல எல்லாம் கிடைக்கும். திரைல "ஏர் குவாலிட்டி: 312"ன்னு வரும். எக்ஸ்டர்னல் தலையாட்டுவார். மார்க் வந்துடும்.

312 என்ன? எந்த யூனிட்? பெரும்பாலான புராஜெக்ட்ல அது ஆர்டுயினோவோட அனலாக் பின் 0-ல இருந்து 1023 வரைக்கும் தர்ற எண், அவ்வளவுதான். அதுக்கும் காத்துல எவ்வளவு வாயு இருக்குங்கிறதுக்கும் நடுவுல ஒரு பெரிய வேலை இருக்கு. அதுக்குப் பேர் கேலிபரேஷன். அந்த சென்சாரோட டேட்டாஷீட்டை எடுத்துப் பாருங்க. சென்சாரை 24 மணி நேரத்துக்கு மேல சூடாக்கி வெச்சுட்டுத்தான் அளக்கணும்னு போட்டிருக்கும். அதுல வர்ற வரைபடம் 20 டிகிரி வெப்பத்துக்கும் 65 சதவீத ஈரப்பதத்துக்கும் வரைஞ்சது. நம்ம ஊர்ல கடலோரத்துல எந்த மாசம் 20 டிகிரி இருந்துச்சு? அளவு தெரிஞ்ச வாயுவை வெச்சோ, நம்பகமான ஒரு மீட்டர் பக்கத்துல வெச்சோ ஒப்பிட்டுப் பாக்காத வரைக்கும் அந்த 312-க்கு அர்த்தமே இல்ல.

இப்போ கணக்குப் போடுங்க. சென்சாருக்கு 24 மணி நேரம் வேணும். லேப் ரெண்டு மணி நேரம்தான் திறந்திருக்கும். கிளம்பும்போது பவரை ஆஃப் பண்ணச் சொல்லுவாங்க. அப்போ அந்தப் பரிசோதனையைச் சரியாப் பண்றதுக்கு நம்ம டைம்டேபிள்லயே இடமில்ல. மாணவருக்குத் திறமை இல்லாததோ கல்லூரிக்குக் காசு இல்லாததோ இங்க காரணம் இல்ல. கதவு பூட்டியிருக்கிறதுதான் காரணம்.

இதை ஏன் இவ்வளவு பெரிசாச் சொல்றேன்னா, இந்த சென்சார் பிடிக்கிற வாயுக்கள்ல முதல் வரிசைல இருக்கிறது அமோனியா. 2023 டிசம்பர் 26 ராத்திரி, முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் எண்ணூர் பெரியகுப்பத்துல, கடலுக்கடியில போற குழாய்ல இருந்து அமோனியா கசிஞ்சது. மூச்சுத் திணறி ஜனங்க வீட்டை விட்டு ஓடினாங்க. பல பேர் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. அதே மாசம் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணூர் கழிமுகத்துல எண்ணெய் பரவி, மீனவங்க வலையும் படகும் பாழானதை நாம பாத்தோம். நம்ம பக்கத்துல நடந்தது இது. அளக்கிறதுக்கு இதைவிட அவசியமான ஊர் தமிழ்நாட்டுல எத்தனை இருக்கும்? ஒவ்வொரு வருஷமும் நாம பண்ற மாசு அளக்கிற புராஜெக்ட்ல ஒண்ணே ஒண்ணு, முறையா கேலிபரேட் பண்ணி, ஒரு குப்பத்துல ஒரு வருஷம் வெச்சிருந்தா, அது எவ்வளவு பெரிய வேலை! அது ஒரு எச்சரிக்கை மணின்னு நான் பெருமை பேசல. அந்த வேலைக்குச் சான்று பெற்ற கருவி வேணும். ஆனா அந்தக் கருவிக்கும் நம்ம கருவிக்கும் என்ன வித்தியாசம்னு அளந்து சொல்ற அளவுக்காவது ஒரு இன்ஜினியருக்குத் தெரியணும் இல்லையா?

நீலத் திரை

கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்க சிரிக்க வேண்டாம், உங்க கதையும் இருக்கு. 2021-க்கு அப்புறம் காலேஜ் சேர்ந்தவங்க பல பேர் இன்னமும் சி புரோகிராமை டர்போ சி++ நீலத் திரைல எழுதக் கத்துக்கிறாங்க. அது 1990-களோட ஆரம்பத்துல டாஸ்ல ஓடினது. இப்போ அதை ஓட்டணும்னா டாஸ்பாக்ஸ்னு இன்னொரு மென்பொருளுக்குள்ள ஓட்டணும். சி++ மொழிக்கு முதல் சர்வதேசத் தரம் வந்ததே 1998-ல.

பழசுங்கிறதால மட்டும் நான் குறை சொல்லல. அது 16 பிட் கம்பைலர். அதுல ஒரு இன்டிஜர் 2 பைட். 32,767-க்கு மேல போனா மைனஸ்ல குதிக்கும். இன்னைக்கு உங்க லேப்டாப்ல ஜி.சி.சி. போட்டா அதே இன்டிஜர் 4 பைட். வைவால "2 பைட்"னு சொல்லி மார்க் வாங்கிட்டு, கம்பெனி டெஸ்ட்ல அதே பதிலைச் சொல்லி மார்க் விட்டவங்க இருக்காங்க. இதுல வேடிக்கை என்னன்னா, லினக்ஸும் ஜி.சி.சி.யும் இலவசம். பழைய சிஸ்டத்துலயே நல்லா ஓடும். அப்போ இங்கயும் பிரச்சனை பட்ஜெட் இல்ல. மேனுவல் மாறல, அதனால கம்பைலரும் மாறல.

உடைச்சா ஃபைன்

லேப்ல நாம முதல்ல கத்துக்கிற பாடம் என்ன? "எதையும் தொடாதீங்க. உடைஞ்சா பேட்ச் முழுக்கப் பணம் கட்டணும்." இந்த ஒரு விதி, எல்லா மேனுவலையும் விட ஆழமா மனசுல பதிஞ்சுடுது. நல்ல சி.ஆர்.ஓ. கண்ணாடி அலமாரில இருக்கும். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வெளியே வரும். தினசரி உபயோகத்துக்கு புரோப் பிஞ்சு போன பழசு.

பூட்டி வெச்சா கருவி பத்திரமா இருக்கும்னு நினைக்கிறது பல கருவிகள் விஷயத்துல தப்பு. பி.எச். மீட்டரோட எலக்ட்ரோடை பொட்டாசியம் குளோரைடு கரைசல்ல நனைச்சே வெச்சிருக்கணும். காய்ஞ்சா அது செத்துடும். பேட்டரியைச் சார்ஜ் பண்ணாம வருஷக்கணக்குல வெச்சா அவ்வளவுதான். கடலோரக் காத்துல, ஓடாத மெஷின் ஓடுற மெஷினை விடச் சீக்கிரம் துருப்பிடிக்கும். பல கருவிகளை நாம உபயோகிச்சுக் கெடுக்கல, உபயோகிக்காமக் கெடுத்திருக்கோம்.

ஆசிரியர்கள் மேல மட்டும் பழி போடுறது நியாயமில்ல. ஸ்டாக் ரெஜிஸ்டர்ல ஒரு கருவி குறைஞ்சா பதில் சொல்ல வேண்டியது லேப் அசிஸ்டென்ட். அது மாணவர் கையில பழகித் தேய்ஞ்சதா, தொலைஞ்சதான்னு ரெஜிஸ்டருக்குத் தெரியாது. பயப்படாம என்ன செய்வார்? அதனால மாத்த வேண்டியது ஆளை இல்ல, விதியை. கத்துக்கும்போது உடையறதுக்குன்னு ஒவ்வொரு லேப்புக்கும் ஒரு தொகையை ஒதுக்கிட்டா, அவரும் நிம்மதியா சாவியைக் கொடுப்பார்.

உடைஞ்சதைக் கண்டுபிடிச்சுச் சரி பண்றதுதானே இந்த வட்டாரத்துல வேலை? 2022 ஆகஸ்ட்ல அமெரிக்கக் கடற்படையோட சார்ல்ஸ் ட்ரூங்கிற கப்பல் காட்டுப்பள்ளியில இருக்கிற எல் அண்டு டி கப்பல் கட்டும் தளத்துக்கு வந்தது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒண்ணு பழுது பாக்க இந்தியாவுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. அதே காட்டுப்பள்ளியில 2010-ல இருந்து கடல்நீரைக் குடிநீராக்குற ஆலை இருக்கு. ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் கொள்ளளவு. அழுத்தம், உப்பின் அளவு, பி.எச்., ஓட்டம்னு எத்தனையோ கருவி அங்க ராப்பகலா அளந்துக்கிட்டே இருக்கணும். அங்க யாரும் "கொடுக்கப்பட்ட சர்க்யூட்டை இணைத்து மாதிரி வரைபடம் வரைக"ன்னு வேலை கொடுக்க மாட்டாங்க. "நேத்து வரைக்கும் ஓடுச்சு, இன்னைக்கு ஓடல, ஏன்?"னு கேப்பாங்க. அந்தக் கேள்வியை நம்ம லேப்ல ஒரு தடவையாவது யாராவது கேட்டிருக்காங்களா?

திறந்து வெச்ச இடங்கள்

இது நடக்காத காரியம் இல்ல. 1963-ல ஐ.ஐ.டி. கான்பூருக்கு ஐ.பி.எம். 1620 கம்ப்யூட்டர் வந்தது. அந்தக் காலத்துல கம்ப்யூட்டர்னா ஆபரேட்டர்கிட்ட கார்டைக் கொடுத்துட்டு வெளியே காத்திருக்கணும்கிறதுதான் வழக்கம். அங்க மாணவர்களையே மெஷின்ல உட்கார்ந்து ஓட்ட விட்டாங்க. ஈரோட்டில் பிறந்த பேராசிரியர் வி. ராஜாராமன் அங்க இருந்துதான் கம்ப்யூட்டர் பாடத்தை வளர்த்தெடுத்தார். இன்னைக்கு நம்ம கையில இருக்கிற போனோட ஒப்பிட்டா அந்த மெஷின் ஒண்ணுமே இல்ல. ஆனா அதுக்குக் கதவு திறந்திருந்தது.

பக்கத்துலயே இன்னொண்ணு. ஐ.ஐ.டி. மெட்ராஸ்ல 2008-ல பழைய மாணவர்கள் உதவியோட ஆரம்பிச்ச சென்டர் ஃபார் இன்னோவேஷன். மாணவர்களே நடத்துற லேப். ராத்திரியிலயும் வேலை நடக்கும். "அது ஐ.ஐ.டி. பாஸ், நமக்கு எப்படி?"ன்னு கேப்பீங்க. சரி, மகாராஷ்டிராவுல பாபல்ங்கிற கிராமத்தைப் பாருங்க. அங்க விக்ஞான் ஆசிரமத்துல 2002-லயே எம்.ஐ.டி.யோட சேர்ந்து ஃபேப் லேப் வெச்சாங்க. படிப்பைப் பாதியில விட்ட கிராமத்துப் பசங்களுக்குச் சொல்லிக் கொடுத்துட்டிருந்த இடம் அது. பெரிய பேர் இருந்தாத்தான் கதவைத் திறக்கணும்னு இல்ல.

நம்ம மாநிலத்துல 71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜிஸோட சேர்ந்து ரூ.2,877 கோடிக்கு மேல செலவுல நவீனப்படுத்துற திட்டம் நடக்குது. ரோபோ, சி.என்.சி. எல்லாம் ஐ.டி.ஐ.க்குள்ள வந்துடுச்சு. ஐ.டி.ஐ. முடிச்ச தம்பி சி.என்.சி. ஓட்டிட்டு வருவான், அவனுக்கு மேல சூப்பர்வைசரா போற நாம அதைப் படத்துல மட்டும் பாத்திருப்போம். அந்த நிலைமை வர வேண்டாம்னா இப்பவே யோசிக்கணும். அதே எச்சரிக்கை ஐ.டி.ஐ.க்கும் பொருந்தும். திறப்பு விழா முடிஞ்சு அந்த ரோபோவையும் கண்ணாடிக்குள்ள வெச்சுட்டா கோடிகளுக்கு அர்த்தமில்ல.

நிஜமான தடைகள்

நிர்வாகம் சொல்ற தடைகள்ல சிலது நியாயமானது. முதல் தடை பஸ். காலேஜ் பஸ் நாலரைக்குக் கிளம்பிட்டா டே ஸ்காலர் எப்படி வீட்டுக்குப் போறது? கும்மிடிப்பூண்டி லைன்ல ராத்திரி வரைக்கும் ரயில் இருக்கு. ஆனா காலேஜ்ல இருந்து ஸ்டேஷன் போறதுதான் பாடு. வாரத்துல ரெண்டு நாள், எட்டு மணிக்கு பொன்னேரி, மீஞ்சூர் ஸ்டேஷன் வரைக்கும் ஒரே ஒரு பஸ் விட்டாப் போதும். ரெண்டாவது, பெண்கள் பாதுகாப்பு. இதைக் காரணம் காட்டி லேப்பைப் பூட்டினா முதல்ல நஷ்டப்படுறது பெண்கள்தான். ஹாஸ்டல் நேரத்தை லேப் நாட்கள்ல தளர்த்தி, ஒரு ஆசிரியையும் இருந்தா இது தீரக் கூடிய விஷயம். மூணாவது, ஆள் பற்றாக்குறை. மூணாம் வருஷம், நாலாம் வருஷ மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, சின்ன உதவித்தொகையோட லேப் பொறுப்பு கொடுக்கலாம். ஹை வோல்டேஜ் லேப், வொர்க்‌ஷாப் ரெண்டையும் ஸ்டாஃப் இல்லாமத் திறக்கக் கூடாது. அதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்ல.

நாம கேக்க வேண்டியது

ஒண்ணு: செவ்வாய், வியாழன் சாயங்காலம் எட்டு வரைக்கும், சனிக்கிழமை மதியம் வரைக்கும் கம்ப்யூட்டர், எலக்ட்ரானிக்ஸ் லேப்கள் திறந்திருக்கணும். ஓடிக்கிட்டிருக்கிற பரிசோதனைக்கு ராத்திரி முழுக்கப் பவர் இருக்கிற, ஃபியூஸ் போட்ட ஒரு தனி மேஜை வேணும்.

ரெண்டு: நூலகத்துல புத்தகம் எடுக்கிற மாதிரி ஆர்டுயினோ கிட், மல்டிமீட்டர் எல்லாம் ஐடி கார்டு காட்டி ஒரு வாரம் வீட்டுக்கு எடுத்துட்டுப் போக விடணும்.

மூணு: ஒவ்வொரு லேப்புக்கும் உடைசல் தொகை. பேட்ச் ஃபைன் ரத்து.

நாலு: ஒரு செமஸ்டருக்கு ஒரு பரிசோதனையாவது, வேணும்னே பழுது வெச்ச கிட்டோட. என்ன பழுதுன்னு கண்டுபிடிச்சாத்தான் மார்க்.

அஞ்சு: ரெக்கார்டுல நிஜமா வந்த ரீடிங், தப்பா இருந்தாலும். ஏன் தப்பா வந்ததுன்னு எழுதினா அதுக்கும் மார்க்.

கடைசி ரெண்டுக்கும் "யுனிவர்சிட்டி ஒத்துக்காது"ன்னு சொல்லுவாங்க. 2021 ரெகுலேஷன்ல லேப் பாடத்துக்கு இன்டர்னல் 60, எக்ஸ்டர்னல் 40. அந்த 60 மார்க்கைப் போடுறது கல்லூரிதான். மேனுவல்ல இருக்கிற பரிசோதனையையே பழுதான கிட்டோட கொடுக்கிறதுக்கும், நேர்மையான ரீடிங்குக்கு மார்க் போடுறதுக்கும் யார்கிட்டயும் அனுமதி கேக்க வேண்டியதில்ல.

இந்த அஞ்சு கோரிக்கையையும் ஒரு பக்கக் கடிதமா எழுதி ஹெச்.ஓ.டி.களுக்கும் பிரின்சிபாலுக்கும் கொடுக்கலாம்னு ஒரு யோசனை. கிளாஸ் ரெப்கள்கிட்ட நகல் இருக்கும். படிச்சுப் பாருங்க, எது நடைமுறைக்கு ஒத்து வராதோ அதை அடிச்சுத் திருத்துங்க, அப்புறம் கையெழுத்துப் போடுங்க. முதல் வருஷப் பசங்க கட்டாயம் போடணும். அந்த 50 மணி நேரக் கணக்கு ஓடிக்கிட்டிருக்கிறது உங்களுக்குத்தான்.